மூச்சை விடுங்க மச்சான்

— மூச்சை விடுங்க மச்சான். உள்ள இழுத்தது போதும், வெளிய விடுங்க.

— வாயை மூடு! நாம நிக்கிற இரும்புத் தொட்டில் ஒரு பக்கமா சாஞ்சு கிடக்கு, கீழ போற பஸ்ஸெல்லாம் தீப்பெட்டி மாதிரி தெரியுது, இவன் மூச்சுப் பாடம் நடத்துறான்!

— கீழ பார்க்காதீங்க. கண்ணாடியைப் பாருங்க. இப்பதான் துடைச்சீங்க, உங்க மூஞ்சியே தெரியுது.

— என் மூஞ்சியை நான் பார்த்துக்கறேன். என்ன ஆச்சு, அதைச் சொல்லு.

— உங்க பக்கத்துக் கம்பிக் கயிறு சறுக்கிடுச்சு. சறுக்கினது எங்கயோ மாட்டி நிக்குது. என் பக்கம் சரியா இருக்கு. ஆடாம இருந்தா ஒண்ணும் ஆகாது.

— உன்கூட ஏற மாட்டேன்னு மேஸ்திரிகிட்ட தலைபாடா அடிச்சுக்கிட்டேன். ஆள் இல்லை, இன்னிக்கு ஒரு நாள் தானேன்னு தள்ளிவிட்டாரு. என் தங்கச்சியை அடிச்சவன்கூடயே சாகணும்னு என் தலையில எழுதியிருக்கு போல.

— ஹலோ, மேலேர்ந்து மேஸ்திரி பேசுறேன்! வாக்கி டாக்கி கேக்குதா? ரெண்டு பேரும் இருக்கீங்களாய்யா?

— இருக்கோம் மேஸ்திரி. மோட்டாரைத் தொட்டுறாதீங்க.

— தொடல, தொடல. உங்களுக்கு நேரா இருக்குற கண்ணாடியை உள்ளேர்ந்து கழட்டச் சொல்லியிருக்கேன். இதோ வந்துருவாங்க. இடுப்பு பெல்ட்டு மேலேர்ந்து விட்ட தனிக் கயித்துல மாட்டியிருக்குல்ல ரெண்டு பேருக்கும்?

— எனக்கு மாட்டியிருக்கு. மச்சான்? மச்சான்... உங்க கொக்கி எங்க?

— மூலை எட்டலைன்னு கழட்டினேன். ஒரு நிமிஷந்தான். அதோ தொங்குது.

— அட பாவி மனுஷா! காலையில தொண்டை கிழியக் கத்தினேனேய்யா!

— மேஸ்திரி, திட்டுறதெல்லாம் அப்புறம். கொஞ்ச நேரம் பேசாம இருங்க.

— நீயே வந்து மாட்டிவிடு.

— நான் அங்க வந்தா ரெண்டு பேர் பாரமும் அந்தச் சறுக்கின கயித்துல ஏறும், தாங்காது. நீங்கதான் எடுக்கணும். கையை நீட்டினா எட்டும்.

— கை வரமாட்டேங்குது. பிடியை விட்டா போயிருவேன்.

— இப்படி இறுக்கினா எப்படி வரும்? விரலெல்லாம் வெளுத்துப்போச்சு பாருங்க. பிடிக்கணும், நெரிக்கக் கூடாது. தோளை இறக்குங்க. பல்லைக் கடிக்காதீங்க.

— ஓ, சாமியாரு! இதெல்லாம் அந்த யோகா க்ளாஸ்ல சொல்லித்தர்றாங்களோ? தெருவே சிரிக்குது. பொண்டாட்டி காது ஜவ்வைக் கிழிச்சவன் பாயைச் சுருட்டிக் கக்கத்துல வெச்சுக்கிட்டுப் போறான்னு.

— சிரிக்கட்டும்.

— அந்தக் காது அவளுக்கு இன்னும் சரியாகல. என் வீட்டுல, பின்னாடி நின்னு கூப்பிட்டா திரும்பவே மாட்டா. தெரியுமா உனக்கு?

— தெரியும்.

— "தெரியும்"ங்கிறான் பாரு, பச்சத் தண்ணி மாதிரி! இவ்வளவு பேசுறேனே, கோவங்கூடவா வரலை?

— வருது. அடிவயித்துலேர்ந்து கிளம்புது. முன்னெல்லாம் கையை ஓங்கின பிறகுதான் எனக்கே தெரியும். இப்ப கிளம்பும்போதே தெரிஞ்சுருது. நான் கத்துக்கிட்டது அவ்வளவுதான்.

— இதுக்குத்தானா இந்த ஆர்ப்பாட்டம்?

— போன புதுசுல, தலைகீழா நிக்கச் சொல்லிக்கொடுங்கன்னு டீச்சரம்மாகிட்ட கேட்டேன். அதெல்லாம் கடைசில, யாரையும் நோகடிக்காம இருக்கறதுதான் முதல் படி, அதுல நில்லு பார்ப்போம்னாங்க. இன்னும் அங்கயேதான் நிக்கிறேன்.

— ஐயோ! இறங்குது! இறங்குதுடா!

— கொஞ்சந்தான். நின்னுருச்சு. மச்சான், என்னைப் பாருங்க.

— எனக்குப் பொண்ணுங்க இருக்குடா... சின்னதுக்கு இன்னும் சரியா பேச்சுக்கூட வரலைடா...

— அதுங்ககிட்டதான் போகப் போறீங்க. மூச்சை வெளிய விடுங்க, சூடான டீயை ஊதுற மாதிரி. மெதுவா. இன்னும் இருக்கு, அதையும் விடுங்க. அடுத்த மூச்சு அதுவா வரும், நீங்க போய் இழுத்துட்டு வர வேணாம்.

— ஊ... ஊஊ...

— அப்படித்தான். பாரத்தைக் கால்ல விடுங்க. கை சும்மா துணைக்குத்தான். பாதம் முழுக்கப் பதியட்டும்.

— காலு வெடவெடன்னு ஆடுது.

— ஆடட்டும். அதோட சண்டைக்குப் போகாதீங்க. ஊதும்போது வலது கையை மட்டும் லேசாக்குங்க. எடுக்கச் சொல்லல. லேசாக்கினா போதும்.

— லேசா... ஆமா. லேசாத்தான் இருக்கு.

— இப்ப ஊதிக்கிட்டே நீட்டுங்க. அவசரமே இல்லை. விரல் பட்டுதா?

— பட்டுது. வழுக்குது. எல்லாம் சோப்புத் தண்ணி. ஐயோ, போயிருச்சு!

— போனா என்ன, காத்துல ஆடித் திரும்ப இங்கதான் வரும். வரட்டும். ஊதிக்கிட்டே இருங்க. வருது... இப்ப!

— பிடிச்சுட்டேன்! மாட்டிட்டேன்! டக்குனு சத்தம் கேட்டுதா?

— கேட்டுது. எதுக்கும் இழுத்துப் பாருங்க.

— மேஸ்திரி! மாட்டிட்டேன்யா!

— நல்லா இருய்யா நீ! கண்ணாடியைக் கழட்டிட்டாங்க பாரு, கையை நீட்டுறாங்க. முதல்ல நீ உள்ள போ, அப்புறம் அவன் வரட்டும்!

— மெதுவா மச்சான். குனிஞ்சு போங்க. நான் பின்னாடியே வர்றேன்.

— பிடிச்சுட்டாங்க... கால் உள்ள வந்துருச்சு!

— வந்துட்டோம். தண்ணி குடிங்க மச்சான்.

— தரையைத் தொட்டுப் பாரேன். ஆபீஸ் கம்பளம் இவ்வளவு மெத்துன்னு இருக்கும்னு நான் கண்டேனா? வெளியேர்ந்தே பார்த்துப் பழகிட்டோம்.

— காலை நீட்டி மல்லாந்து படுங்க. உள்ளங்கை மேல பார்க்கட்டும். கண்ணை மூடுங்க. இதுவும் ஆசனந்தான்.

— சும்மா கிடக்கிறதா?

— சும்மா கிடக்கிறதுதான். எனக்கு அதுதான் ரொம்ப நாள் வரவே இல்லை.

— சிரிப்பு வருது. ஏன்னே தெரியல. உடம்பு பஞ்சு மாதிரி இருக்கு, மாப்ள.

— மாப்ளைன்னு கூப்பிட்டு எவ்வளவு நாளாச்சு நீங்க.

— இதெல்லாம் அவளைத் திரும்பக் கூட்டிட்டுப் போக நீ போடுற வேஷம்னு நினைச்சேன். வாய்க்கு வந்ததெல்லாம் பேசிட்டேன். நீ வேற ஆளாயிட்ட, கண்ணால பார்த்துட்டேன். நாளைக்கு வீட்டுக்கு வா. ஒரு வார்த்தை கூப்பிடு. மத்ததை நான் பேசிக்கிறேன்.

— வேணாம் மச்சான்.

— என்ன வேணாம்? என் தங்கச்சி வேணாமா உனக்கு?

— போன வாரம் அவளைக் கடைத்தெருவுல பார்த்தேன். யார்கூடயோ பேசிச் சிரிச்சுட்டு இருந்தா. தற்செயலா என் பக்கம் திரும்பினா. நான் ஒண்ணுமே பண்ணல, தள்ளித்தான் நின்னேன். அவ கை தானா மேல போய் முகத்தை மறைச்சுது. நான் மாறிட்டேன்னு எனக்குத் தெரியும். அந்தக் கைக்குத் தெரியாதே.

— அது பழைய பயம்யா. போகப்போக சரியாயிரும். நீ கூப்பிட்டுப் பாரு, மாட்டேன்னா சொல்லப் போறா?

— சொல்ல மாட்டா. நான் கூப்பிட்டா பயத்துலயே வந்துருவா மச்சான். அதனாலதான் கூப்பிடல.