முதல்தரச் சஞ்சிகை

பேராதனையிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு விரிவுரையாளர்கள். மூத்தவரின் மடியில் ஆய்வு நிதிக்கான விண்ணப்பம் விரிந்திருந்தது.

“சேர், உங்கட கட்டுரையை எத்தினை பேர் மேற்கோள் காட்டியிருக்கினம்?”

“ஒராள்தான். என்னட்டைப் படிச்ச பெடியன்.”

“எந்தச் சஞ்சிகையில?”

“லண்டன்ல வாறது. முதல்தரம்.”

“பிறகென்ன! பிரதியை இணைச்சு விடுங்கோ. அந்தத் தரத்துக்கே புள்ளி போடுவினம்.”

“இருந்த ஒரு பிரதியையும் அவன்ர தாய் வாங்கிக்கொண்டு போட்டா.”

“அவவுக்கு என்னத்துக்கு?”

சோதனைச் சாவடியில் பஸ் நின்றது. இருவரும் அடையாள அட்டைகளை எடுத்து நீட்டினார்கள். பஸ் புறப்பட்ட பிறகுதான் பதில் வந்தது.

“பெடியனை ஆமி பிடிச்சுக்கொண்டு போய் நாலு மாசம். தன்ர மகன் படிக்கிற பிள்ளை எண்டு அதை முகாம் முகாமாய்க் காட்டிக்கொண்டு திரியிறா.”