எவ்வளவு என்று கேட்கவில்லை

"ஹலோ... ஹலோ, கேக்குதா?... ஆமா, நான்தான். வேற யாரு இந்த நேரத்துல கடைக்குக் கூப்பிடப் போறா... கூட்டமா? இல்லையே? சரி, அப்ப ஒரு அஞ்சு நிமிஷம் உக்காருங்க... உக்காந்துட்டீங்களா?"

ஆராய்ச்சி மாணவிகள் விடுதியின் மூன்றாம் மாடி. அவள் இரும்புக் கட்டிலில் காலை மடித்து உட்கார்ந்திருந்தாள். ஓர் இரவுப் பயணத் தொலைவில், தன் மூக்குக்கண்ணாடிக் கடையில் அவள் கணவன். இந்த மாதக் கடைசியில் படிப்பை முடித்துக்கொண்டு வீட்டோடு வந்துவிடுவதாக அவள் சொல்லியிருந்தாள். அது நடக்காது என்று சொல்லத்தான் இந்த அழைப்பு. எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

"மாமாவுக்குக் காய்ச்சல் எப்படி?... நூறா? நேத்து நூத்திரெண்டுன்னு செய்தி அனுப்பியிருந்தீங்க. சரி, இறங்குது... பக்கத்துல நின்னு மாத்திரையை முழுங்க வைங்க. நீங்க திரும்பினதும் தலையணைக்கு அடியில வச்சிடுவாரு... சிரிக்காதீங்க, அவரு பிள்ளைதானே நீங்க."

"இல்ல... ஒண்ணு சொல்லணும். இன்னிக்கு எங்க கைடு மேடத்தைப் பார்த்தேன்... ஆமா, அந்தக் கறார் பேர்வழிதான். என் ஆய்வேடு எல்லாத்தையும் திருப்பிக் கொடுத்துட்டாங்க... கணக்குல தப்பில்ல, கேள்வியே தப்பு. வேலைக்காகப் பிரிஞ்சு இருக்கற புருஷன் பொண்டாட்டிகிட்ட, தனியா இருக்கற மாதிரி தோணுதான்னு கேட்டேன் இல்ல? ஆமா, இல்லைன்னு ரெண்டே பதில்தான் வச்சிருந்தேன். எவ்வளவுன்னு கேக்கவே இல்ல."

"அட, அதை நானா போட்டுக்க முடியாதுங்க. ஆமான்னு சொன்னவங்க கொஞ்சம் ஆமாவா, நிறைய ஆமாவான்னு எனக்கு எப்படித் தெரியும்?... ஆமா. ஆமா, மறுபடி எல்லார் வீட்டுக்கும் போகணும்."

"அளவுகோல்ல நாலு வகை இருக்கு... ஆமா, பாடம்தான் நடத்தறேன், கேளுங்க. முதல் வகை வெறும் பேரு. உங்க கடையில கறுப்பு பிரேம் ஒரு தட்டு, பழுப்பு பிரேம் ஒரு தட்டுன்னு வச்சிருக்கீங்க. கறுப்பைவிடப் பழுப்பு பெருசுன்னு சொல்ல முடியுமா?... நான் விலையைக் கேக்கலை. ரெண்டாவது வகை, வரிசைப்படுத்தறது. லென்ஸை மாத்தி மாத்திப் போட்டு, இது தெளிவா அது தெளிவான்னு கேப்பீங்களே, அதேதான். எது மேலன்னு தெரியும், எவ்வளவு மேலன்னு தெரியாது... ம், இப்பப் புரியுதா? மூணாவது வகை, மாமாவோட காய்ச்சல் மாதிரி. ஒவ்வொரு டிகிரிக்கும் நடுவுல ஒரே இடைவெளி. ஆனா சைபர் டிகிரின்னா சூடே இல்லைன்னு அர்த்தமில்ல. நாலாவதுலதான் சைபர்னா நிஜமாவே ஒண்ணும் இல்ல. உதாரணமா..."

அவள் நிறுத்தினாள். எதிர் அறைக்காரி பால்கனியில் துண்டை உதறிக் காயப்போட்டுக் கொண்டிருந்தாள்.

"உதாரணமா, நேத்து நாம பேசின நேரம்."

"குத்திக் காட்டலைங்க... தெரியும், மாமாவுக்கு முடியல... நானும்தான் கூப்பிடலை. சரி, விடுங்க. இன்னும் ஆறு மாசம் ஆகும். அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுத்தினேன்... ஹலோ?... இருக்கீங்களா?"

"ம்... ம்... அதைத்தான் கேக்கறேன். போதும், வந்துருன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நாளைக்கே பெட்டியைக் கட்டிடறேன்... முடிச்சுட்டே வான்னா சொல்றீங்க? நல்லது. பெரிய மனசு. நான் இல்லாதது உங்களுக்குக் கஷ்டமா இருக்கா, இல்லையா?... ஆமாவா."

அவள் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"எவ்வளவு ஆமா?... இல்ல, சொல்லுங்க. இந்தத் தடவை கேட்டுட்டேன்... யாரு? ஆள் வந்தாச்சா... சரி, பாருங்க, பாருங்க. வைக்காதீங்க, நான் இருக்கேன்."

போனை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. நாற்காலி நகர்ந்தது. லென்ஸ் பெட்டி திறந்தது. பிறகு கண் பரிசோதிக்கும் வட்டச் சட்டத்தில் ஒவ்வொரு லென்ஸாக விழும் சின்னச் சத்தம். நடுநடுவே அவன் குரல், யாரோ ஒருவரிடம், அவசரமில்லாமல்.

அவளும் அந்தக் கடைக்குக் கண்ணாடி போட வந்தவள்தான். அன்று எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிந்தும், அந்தக் குரல் மறுபடி கேட்கட்டும் என்பதற்காகவே, "தெரியவில்லை, தெரியவில்லை" என்று சாதித்தாள். அவனும் சலிக்காமல் மாற்றிப் போட்டுக்கொண்டே இருந்தான்.

இப்போது ஒரு லென்ஸ் விழுந்தது. அவன் கேட்டான். இன்னொன்று விழுந்தது. மறுபடி கேட்டான்.

"தெரியலைங்க," என்றாள் அவள், மேசைமேல் கிடக்கும் போனுக்கு. "இன்னொரு தடவை மாத்திப் போடுங்க."

இணைப்பு தானாகவே அறுந்தது. அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.