ஐந்தாம் சுவரை வெட்டிய கோடு

கோவன் காவல் நிலையம், 1910 ஜூலை 20, புதன்கிழமை, முற்பகல் பதினொரு மணி. சார்ஜென்ட் டன்கன் மியூர் முன்னிலையில் கொடுத்தது.

செய்யப்பட்ட தவறு என்ன என்பதை முதலில் எழுதினால்தான் என் பெயரைச் சொல்வேன் என்று நான் கூறியதன் பேரில் அது முதலில் எழுதப்படுகிறது. மூழ்கிப்போன மெரிடியானா கப்பலின் ஐந்தாம் தடுப்புச் சுவர் ஒரு தளம் குறைவாகக் கட்டப்பட்டதற்கு வரைமாடித் தொழிலாளி ஒருவரின் கைத்தவறே காரணம் என்று விசாரணைக் குழு தன் அறிக்கையின் நாற்பத்தோராம் பக்கத்தில் அச்சிட்டிருக்கிறது. அது பொய். அந்தத் தொழிலாளி நான். என் கை தவறவில்லை.

என் பெயர் எபினேசர் கில்கிறிஸ்ட், வயது அறுபத்தொன்பது, மனைவி இறந்து ஒன்பது வருடமாகிறது, பிள்ளைகள் இல்லை. மேற்படி கோவனில் நீத்சைட் தெரு பதினேழாம் எண் கட்டடத்தில் மூன்றாம் மாடி இடது பக்க வீட்டில் தனியாகக் குடியிருக்கிறேன். பள்ளிக்கூடம் எட்டு வயதோடு சரி. வடிவியலை நானே புத்தகம் வாங்கிப் படித்தேன். கார்ஸ்வெல் கப்பல் கட்டும் தளத்தின் வரைமாடியில் நாற்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து, சென்ற டிசம்பரில் ஓய்வு பெற்றேன்.

வரைமாடி என்பது தளத்திலேயே உயரமான கட்டடத்தின் மேல்மாடி. காகிதத்தில் சிறிதாக வரும் கப்பலை அங்கே மரத்தரையின் மேல் முழு அளவில் வரைய வேண்டும். முதலில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, சரிபார்த்த பிறகு கத்தியால் தரையிலேயே கீறிவிடுவோம். கீறிய கோட்டை மாற்றும்படி உத்தரவு வந்தால் பழைய கோட்டை அழிக்க முடியாது. அதன் குறுக்கே மூன்று சிறு கீறல் போட்டு, பக்கத்தில் மாதம், வருடம், உத்தரவு போட்டவர் பெயரின் முதல் எழுத்து ஆகியவற்றைக் கீறுவது எங்கள் மாடியின் வழக்கம். ஒரு கப்பல் முடிந்ததும் தரைக்குக் கறுப்பு வர்ணம் பூசி அடுத்த கப்பலைத் தொடங்குவோம். கீறல்கள் வர்ணத்துக்கு அடியில் அப்படியே கிடக்கும்.

1908 மார்ச்சில் மெரிடியானாவின் ஐந்தாம் சுவரை, வரைபடத்தில் இருந்தபடி, அடியிலிருந்து நான்காம் தளம் வரை கீறி முடித்தேன். டூகல்ட் ராங்கின் என்னுடன் இருந்தான். அவன் முப்பத்தொரு வருடமாக என் ஜோடி ஆள், எனக்கு எதிர்வீட்டுக்காரன். மே மாதம் தலைமை வரைவாளர் திரு. அபர்னெத்தி மாடிக்கு வந்து, அந்தச் சுவரை மூன்றாம் தளத்தோடு நிறுத்தும்படி சொன்னார். காரணம் கேட்டேன். நான்காம் தளத்தில் முதல் வகுப்புச் சாப்பாட்டு மண்டபம் வருகிறது என்றார்.

"மண்டபத்துக்கு நடுவுல இரும்புச் சுவரை வச்சா, சூப்பை இந்தப் பக்கம் குடிச்சுட்டு மீனுக்கு அந்தப் பக்கம் நடந்து போவாங்களா கில்கிறிஸ்ட்?" என்றார். மாடியில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். டூகல்டும் சிரித்தான்.

தடுப்புச் சுவர்கள் பிரிக்கும் அறைகளில் முன்பக்கம் ஐந்தில் தண்ணீர் ஏறினால் கப்பலின் மூக்கு தாழும், தாழ்ந்தால் தண்ணீர் ஐந்தாம் சுவரின் தலைக்கு மேலே வழிந்து அடுத்த அறைக்குப் போகும், அதன் பிறகு அதற்கடுத்த அறைக்கும் போகும் என்று சொல்லி, தரையிலேயே சுண்ணாம்பால் போட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். உத்தரவை எழுதிக் கொடுக்கும்படி கேட்டேன். "இத்தனை வருஷ சர்வீஸ் உனக்கு. என் வாய் வார்த்தை போதாதா?" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

நான் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. அன்று மதியம் பழைய கோட்டின் குறுக்கே மூன்று கீறல் போட்டு, மே 1908 என்றும் அபர்னெத்தியின் முதல் எழுத்தையும் கீறி, ஒரு தளம் கீழே புதுக் கோட்டைக் கீறினேன். அதன் பிறகு டூகல்டும் நானும் ஒரே தகரக் குவளையில் தேநீர் குடித்தோம். அவன், "விடுடா எபி, மிதக்கப் போறது அவங்க கப்பல்" என்றான்.

கப்பல் இந்த வருடம் ஏப்ரல் ஒன்பதாம் தேதி நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே மூடுபனியில் பனிக்கட்டியில் மோதியது. முன்பக்க அறைகள் ஐந்து கிழிந்தன. ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் மூழ்கியது. இறந்தவர்கள் ஐந்நூற்று எண்பத்து நான்கு பேர். பத்திரிகையில் அதைப் படித்ததும் தண்ணீர் எந்த வழியாக ஏறியிருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அதன் பிறகு விசாரணை நடந்தது. நான்காம் தளம் வரை சுவர் உள்ள பழைய வரைபடத்தைத் திரு. அபர்னெத்தி காட்டி, காகிதத்தில் சரியாகத்தான் கொடுத்தோம், மாடியில்தான் குறைத்துக் கீறிவிட்டார்கள் என்றார். உத்தரவு வாயால் வந்தது என்று நான் சொன்னேன். சாட்சி யார் என்று கேட்டார்கள். அன்று சிரித்த மற்றவர்கள் யாரும் முன்வரவில்லை. டூகல்டைக் கூப்பிட்டார்கள். அவன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, தனக்கு அப்படி எதுவும் நினைவில்லை என்றான். டூகல்டின் வீடு கார்ஸ்வெல் கொடுத்த வீடு. அவன் மனைவி இரண்டு வருடமாகப் படுக்கையில் இருக்கிறாள். இதை அவனுக்காகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளவும்.

அறிக்கை ஜூன் பத்தாம் தேதி வெளிவந்தது. அன்றிலிருந்து தேவாலயத்தில் நான் உட்காரும் பலகையில் எனக்கு இரண்டு பக்கமும் யாரும் உட்காருவதில்லை. நான் படியில் இறங்கும் சத்தம் அடங்கும் வரை டூகல்ட் தன் கதவைத் திறப்பதில்லை. ரொட்டிக் கடைக்காரி சில்லறையை என் கையில் கொடுக்காமல் மேசைமேல் வைக்கிறாள்.

ஜூன் பதினாறாம் தேதி வியாழக்கிழமை பிற்பகல் என் கதவு தட்டப்பட்டது. கறுப்பு உடுத்திய ஒரு பெண் நின்றார். ஆற்றின் அக்கரையில் பார்ட்டிக்கைச் சேர்ந்த திருமதி ஐலா டென்னன்ட், மெரிடியானாவில் பரிமாறுபவராக இருந்து இறந்துபோன ராபர்ட் டென்னன்ட்டின் மனைவி, வயது முப்பத்து நான்கு. திட்டத்தான் வந்திருக்கிறார் என்று எண்ணி வழிவிட்டேன். அவர் கையில் பார்லிக் கஞ்சிப் பாத்திரம் இருந்தது.

"சாப்பிட்டீங்களா?" என்றார். பாத்திரத்தை அடுப்பின் மேல் வைத்தார். "உங்களைப் பத்திப் பேப்பர்ல படிச்சேன் பெரியவரே. நீங்க வேணும்னேவா செஞ்சீங்க? வயசான கை, தவறிப்போச்சு. எங்க ராபர்ட்டுகூட எத்தனை தட்டை உடைச்சிருக்கார் தெரியுமா? சம்பளத்துல பாதி தட்டுக்கே போகும்" என்று சொல்லி, அவரே சிரித்து, பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார்.

அவர் ஐந்து வியாழக்கிழமை வந்தார். ஜன்னலோரம் என் மனைவியின் நாற்காலியில் உட்காருவார். ராபர்ட் காலுறையை அடுப்பின் மேலேயே காயவைத்துத் தீய்த்தது, பாடத் தெரியாமல் பாடியது என்று சொல்வார். நான் கஞ்சி குடிப்பேன். போகும்போது, "மனசைப் போட்டு வருத்திக்காதீங்க" என்பார். ஜூன் பத்தாம் தேதிக்குப் பிறகு என் வீட்டுக்குள் வந்தவர் அவர் ஒருவர்தான். உண்மையைச் சொன்னால் ஆறாவது வியாழன் வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். ஐந்து தடவையும் சொல்லவில்லை. இதையும் எழுதிக்கொள்ளவும்.

ஜூலை பதினான்காம் தேதி அவர் போகும்போது, "உங்க பேர்ல கோபமில்லைன்னு பாதிரியார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றார். அவர் இறங்கிய பிறகு நான் எதிர்வீட்டைத் தட்டினேன். டூகல்ட் கதவைத் திறக்காமல் உள்ளிருந்தே பேசினான்.

"என்னடா வேணும்?"

"கோடு அங்கதான் இருக்கு டூகல்ட். ரெண்டு கோடும் இருக்கு. நீ வந்து சொன்னா போதும்."

"போடா கிழட்டுக் கழுதை. கோடு போடுறப்ப வாயை மூடிக்கிட்டுப் போட்டேல்ல? இப்ப என் வாய் உனக்கு எதுக்கு?" பிறகு, "லீவு முடிஞ்சு திங்கக்கிழமை மாடித் தரையை இழைக்கப் போறாங்க. மரத்தச்சனுங்களைக் கூப்பிட்டாச்சு. அதுக்கப்புறமாவது ரெண்டு பேரும் நிம்மதியா சாகலாம்" என்றான்.

அவன் என்னைத் தடுப்பதற்காகச் சொன்னானா, வேறு எதற்காகச் சொன்னானா என்று எனக்குத் தெரியாது.

நேற்று ஜூலை பத்தொன்பதாம் தேதி, வருடாந்தரக் கண்காட்சி விடுமுறையானதால் தளத்தில் வேலை இல்லை, கோவனில் பாதிப் பேர் படகேறிக் கடற்கரை ஊரான ரோத்ஸேக்குப் போய்விட்டார்கள். பிற்பகல் இரண்டு மணிக்கு ஆற்றுப் பக்க வேலியில் பலகை ஒன்று பெயர்ந்திருந்த இடத்தின் வழியாக உள்ளே சென்றேன். எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. வரைமாடிக் கதவு எப்போதும் பூட்டப்படுவதில்லை. வாசலில் காலணியைக் கழற்றி வைத்துவிட்டுக் காலுறையோடு உள்ளே போனேன். அந்தத் தரையில் காலணியோடு மிதித்தவனை வேலையை விட்டே அனுப்பிவிடுவார்கள். திருட்டுத்தனமாகப் போகிறவன் காலணியைக் கையில் எடுத்துக்கொண்டிருப்பான் என்று சார்ஜென்ட் சொல்வது சரிதான். அது எனக்குத் தோன்றவில்லை.

தூண்களிலிருந்து அடி அளந்து இடத்தைக் கண்டுபிடித்து, கையோடு கொண்டுபோன இரும்புத் தகட்டால் வர்ணத்தைச் சுரண்டினேன். இரண்டு மணி நேரம் ஆனது. மூன்றடி அகலம், ஒன்பதடி நீளம் சுரண்டினேன். மேல் கோடு இருந்தது. குறுக்கே மூன்று கீறலும், மாதமும் வருடமும், எழுத்தும் இருந்தன. ஒரு தளம் கீழே இரண்டாவது கோடு இருந்தது. இரண்டும் என் கையால் போட்டவை, இரண்டும் நேராக இருந்தன.

நாலரை மணிக்குக் காவலாளி மாக்கி வாசலில் காலணியைப் பார்த்து உள்ளே வந்தான். "யாருய்யா அது, லீவு நாள்ல சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு?" என்று கத்தினான். என்னைப் பார்த்ததும், "பெரியவரே, ஏன் இப்படி? ஓடிப்போங்க, நான் பாக்கலை" என்றான். நான் போகமாட்டேன், போலீஸைக் கூப்பிடு என்றேன். அவன் தயங்கினான். நான் உட்கார்ந்துகொண்டேன். அதன் பிறகுதான் கூப்பிட்டான்.

கைத்தவறு என்று இருந்தால் உங்களுக்குப் பழி குறைவுதானே, தெரிந்தே செய்தேன் என்பதால் என்ன லாபம் என்று சார்ஜென்ட் கேட்டதற்கு, லாபம் எதுவும் இல்லை என்று பதில் சொல்கிறேன்.

இனி ஆக வேண்டியவை. தரையைத் திங்கட்கிழமை இழைப்பதை நிறுத்தும்படி சார்ஜென்ட் இன்றே கார்ஸ்வெல்லுக்கு எழுத வேண்டும். என்மேல் போட்ட வழக்குக்கு அந்தத் தரை சாட்சிப் பொருள், அதை அழிக்க அவர்களுக்கு உரிமை இல்லை. விசாரணைக் குழுவில் ஒருவராவது நேரில் வந்து, காலணியைக் கழற்றிவிட்டு, மண்டியிட்டுப் பார்க்க வேண்டும். திரு. அபர்னெத்தி அந்த எழுத்து யாருடையது என்று அதன் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். டூகல்ட் ராங்கினை மறுபடி கூப்பிடக் கூடாது. நாற்பத்தோராம் பக்கத்தில் 'கைத்தவறு' என்பதை அடித்துவிட்டு, 'அபர்னெத்தி சொன்னார், கில்கிறிஸ்ட் தெரிந்தே கீறினார்' என்று குழு அச்சிட வேண்டும். வேலியில் நுழைந்ததற்கும் தரையைச் சுரண்டியதற்கும் நீதிபதி எனக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் கொடுக்கட்டும்.

நாளை வியாழக்கிழமை. திருமதி டென்னன்ட் இரண்டு மணிப் படகில் ஆற்றைக் கடந்து வருவார். அதற்கு முன்பாக ஒரு காவலர் பார்ட்டிக்கில் அவர் வீட்டுக்குப் போய், இந்த வாக்குமூலத்தை முழுவதும் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். அவர் மன்னித்தது நான் செய்யாத ஒன்றை. செய்ததை அவர் கேட்க வேண்டும். கேட்ட பிறகு மூன்று மாடி ஏறுவதும் ஏறாததும் அவர் விருப்பம். நான் வீட்டில்தான் இருப்பேன், என்னை விடுவித்தால்.

எழுதியதைப் படித்துக் காட்ட வேண்டாம் என்று நானே வாங்கிப் படித்தேன். 'உடைத்து' என்று இருந்ததை 'சுரண்டி' என்று ஓரிடத்தில் திருத்தினேன். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி இருக்கிறது. யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை.

(ஒப்பம்) எபினேசர் கில்கிறிஸ்ட்