விரத நாள் பட்டியல்

தட்டில் சோற்றை மிச்சம் வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் குமட்டும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையைப் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவேன். நான் செய்த வேலையும் அந்தக் குமட்டலிலிருந்து வந்ததுதான். வேறு கெட்ட எண்ணம் இல்லை.

நீங்கள் கேட்பது ஜெயமாலாவின் சாவைப் பற்றி. அவர் என் பெரியம்மா, அம்மாவின் அக்கா. கல்லூரியை மூன்றாம் வருடத்தில் விட்டுவிட்டு வந்தபோது நைனா என்னை வீட்டுக்குள் சேர்க்கவில்லை. பெரியம்மாதான் செஞ்சியில் தன் வீட்டு மாடி அறையைக் கொடுத்தார். கீழே பெரியம்மா மட்டும், மேலே நான். நான்கு வருடமாக அங்கே உட்கார்ந்து இரவு ஷிஃப்ட் பார்க்கிறேன்.

கணினி அவ்வளவாகத் தெரியாது என்று விசாரிக்க வந்த நீங்கள் இருவரும் சொன்னதால் எளிமையாகவே சொல்கிறேன். எங்கள் கம்பெனி சர்க்கரை நோயாளிகளின் கையில் ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு வில்லையை ஒட்டும். அது நிமிடத்துக்கு ஒருமுறை சர்க்கரை அளவை அவர்களுடைய போன் வழியாக அனுப்பும். எழுபதுக்குக் கீழே இறங்கினால் நோயாளிக்கும் எங்கள் ஊழியருக்கும் எச்சரிக்கை போகும். செஞ்சி வட்டாரத்துக்கு ஊழியர் தமிழினி. ஸ்கூட்டியில் போய்ப் பார்ப்பாள். நோயாளிகள் இரண்டாயிரம் பேருக்கு மேல். கட்டணம் கட்டுவது வெளியூரில் இருக்கும் பிள்ளைகள். பெரியம்மாவுக்குக் கட்டியது பெங்களூரில் இருக்கும் அவர் மகள் சுபா.

இவ்வளவு எண்களையும் அலசுவதற்குக் கம்பெனியிடம் சொந்த இயந்திரம் கிடையாது. கிளவுட் என்பது வாடகை இயந்திரம். எத்தனை இயந்திரம், எத்தனை நொடி ஓடியது என்று பார்த்து மாதக் கடைசியில் பில் வரும். நான் பொறுப்பேற்றபோது அது பதினோரு லட்சம். அதைத் திறந்து பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அமாவாசைக்கு மேல்மலையனூருக்கு விடும் சிறப்புப் பேருந்துகளை மறுநாளும் அதே எண்ணிக்கையில் காலியாக ஓட்டினால் எப்படி இருக்கும்? டிரைவர் உண்டு, டீசல் எரிகிறது, உள்ளே ஆள் இல்லை. அப்படித்தான் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

வேலையில்லாத இயந்திரங்களை அணைத்தேன். யாரும் திறக்காத பழைய பதிவுகளை மலிவான கிடங்குக்கு மாற்றினேன். நிமிடத்துக்கு ஒருமுறை அலசியதை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆக்கினேன். பில் ஏழு லட்சத்துக்கு வந்தது. சென்னையிலிருந்து மேலாளர் குரு போன் செய்தார்.

"நல்லா பண்ற தம்பி. ஆனா அஞ்சுக்குள்ள வரணும். இல்லன்னா செஞ்சி பிராஞ்ச மூடிடலாம்னு மேல சொல்றாங்க."

செஞ்சிக் கிளையில் எட்டுப் பேர். தமிழினியும் அதில் ஒருத்தி. அவள் சம்பளத்தில்தான் தம்பி படிக்கிறான். இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

மிச்சப் பணம் எங்கே போகிறது என்று தேடினேன். சர்க்கரை இறங்கினால், அது உண்மையான இறக்கமா என்று பார்க்க அந்த ஆளின் மூன்று மாத அளவுகளை எடுத்து ஒப்பிடும் வேலை ஒன்று ஓடும். அது ஓடி முடிந்த பிறகுதான் எச்சரிக்கை போகும். இருப்பதிலேயே செலவு பிடித்த வேலை அதுதான். சர்க்கரை ஏறும் வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி மறுபடி ஓடும். மாதத்தில் நான்கு நாட்கள் மட்டும் அது கண்டபடி ஓடியிருந்தது. சென்னையில் இருப்பவர்களுக்கு ஏன் என்று புரியவில்லை. எனக்குத் தேதியைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. இரண்டு அஷ்டமி, இரண்டு சதுர்த்தசி.

எங்கள் ஜைன வீடுகளில் பெரியவர்கள் அந்த நாட்களில் சாப்பிடமாட்டார்கள். சர்க்கரை நோயாளி விரதம் இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்வார். தலையாட்டிவிட்டு வந்து, காலையில் இன்சுலின் ஊசியையும் போட்டுக்கொண்டு, வெந்நீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். சர்க்கரை இறங்காமல் என்ன செய்யும்? எச்சரிக்கை போகும். "விரதம்" என்று சொல்லி வைத்துவிடுவார்கள். ஐந்து நிமிடத்தில் மறுபடி போகும். பட்டினி கிடப்பவர்களுக்குப் பட்டினி என்று தெரிவிக்க மாதம் இரண்டு லட்சம். எனக்கு அருவருப்பாக இருந்தது.

அப்படி அறுபத்து மூன்று பேர். எல்லாரையும் எனக்குத் தெரியும். பட்டியல் எழுத அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பஞ்சாங்கத்தைப் பார்த்து வருடம் முழுவதற்கும் தேதி போட்டேன். அந்தத் தேதிகளில் இந்த அறுபத்து மூன்று பேரின் அளவுகளை உடனே அலச வேண்டாம், சேர்த்து வைத்து, வாடகை மலிவாக இருக்கும் பின்னிரவில் மொத்தமாக அலசினால் போதும் என்று ஒரு விதி எழுதினேன். எச்சரிக்கையை நான் நிறுத்தவில்லை. இரவு இரண்டரை மணிக்கு எல்லாருக்கும் தவறாமல் போகும்.

பில் நாலு லட்சத்து எண்பதாயிரம் ஆனது. "இன்னா மந்திரம் போட்ட தம்பி?" என்றார் குரு. சொல்லவில்லை. அவரும் திரும்பக் கேட்கவில்லை.

முதல் மாதமே மேல்சித்தாமூரில் அஜிததாஸ் என்பவர் நிலத்தில் மோட்டார் கொட்டகை அருகே மயங்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார். அவருக்கான எச்சரிக்கை போனபோது அவர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தார். மறுநாள் பதிவைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். விதியை எடுக்கலாமா என்று யோசித்தேன். அறுபத்து மூன்றில் ஒன்று. அதற்காக எடுப்பது நியாயமாகப் படவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். போனில் "விரதம்" என்று வைத்துவிடுகிறவர்கள், தமிழினி நேரில் போய் நின்றால் குடிப்பார்கள். பெரியம்மா வீட்டிலேயே பலமுறை கேட்டிருக்கிறேன். மாடிக்குக் குரல் நன்றாக வரும்.

"வாய்ல எதுவும் படக்கூடாதுடி, போடி."

"சர்க்கரத் தண்ணிதான் பெரிமா. உங்க சாமி கேட்டா, தமிழினிதான் புடிச்சி ஊத்துனான்னு சொல்லிடு. பாவம் எனக்கு வரட்டும்."

"உனுக்கு ஏற்கெனவே நெறைய இருக்குதுடி."

இருவரும் சிரிப்பார்கள். கால் மணி நேரத்தில் என் திரையில் பெரியம்மாவின் கோடு மேலே ஏறும். விதி எழுதும்போது எனக்கு இது தெரிந்திருந்ததா என்று கேட்டால், தெரிந்திருந்தது.

பெரியம்மாவுக்கும் எனக்கும் சண்டை எதுவும் இல்லை. பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடுவது அந்த வீட்டில் வழக்கமில்லை. நான் ராத்திரியில் சாப்பிடுகிறவன். "ராத்திரி தின்ற தட்ட எங்க தட்டோட சேக்காத" என்று தோட்டத்துக் குழாயடியில் தனியாக வைக்கச் சொல்வார். வந்தவர்களிடம், "படிப்பு ஏறல. மேல கம்ப்யூட்டருக்குக் காவல் காக்குறான்" என்பார். அவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். பட்டியலில் அவர் பெயரை முதலில் எழுதியதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை. முதலில் நினைவுக்கு வந்த பெயர், அவ்வளவுதான்.

அடுத்த மாதம், நீங்கள் கேட்கும் அந்தச் சதுர்த்தசி அன்று மதியம் இரண்டு மணிக்கு விழித்தேன். வேலை நேரமில்லை, ஆனாலும் விதி சரியாக ஓடுகிறதா என்று திரையைத் திறந்தேன். பெரியம்மா அறுபத்து நான்கு. கொஞ்ச நேரத்தில் ஐம்பத்தெட்டு. பிறகு ஐம்பத்தொன்று. கீழே சொம்பு உருளும் சத்தம் கேட்டது. நாற்பத்து மூன்று. மாடியிலிருந்து இறங்கப் பதினேழு படிகள். பத்தில் ஒன்பது முறை சர்க்கரை தானாகவே ஏறிவிடும் என்று பதிவுகள் சொல்லின. காத்திருந்தேன்.

மூன்று இருபதுக்குத் தமிழினி கூப்பிட்டாள்.

"இன்னா ஜினேஷ், சிஸ்டம் டவுனா? முன்னல்லாம் சதுர்த்தசின்னா காலையிலேர்ந்து போன் கத்திக்கினே இருக்கும். போன மாசத்துலேர்ந்து விரத நாள்ல பகல்ல ஒண்ணுகூட வரல, எல்லாம் நடுராத்திரியிலதான் வருது. எனக்கு ஒரு மாதிரியா இருக்குது."

"எல்லாம் சரியாதான் இருக்குது."

"உங்க பெரிமாவுக்கு நாலு தடவ அடிச்சேன், எடுக்கல. நீ மேலதானே இருக்கிற? கொஞ்சம் கீழ எறங்கிப் பாரேன். இல்லன்னா சொல்லு, பஸ் ஸ்டாண்டுலதான் இருக்கேன், அஞ்சு நிமிஷத்துல வந்துடுறேன்."

"பாத்துட்டுதான் வந்தேன். தூங்குறாங்க."

"தண்ணி குடிச்சாங்களா?"

"குடிச்சாங்க. நானே குடுத்தேன்."

"நீயா? பரவால்லயே, திருந்திட்ட." சிரித்துக்கொண்டே வைத்தாள்.

அவள் வந்திருந்தால் அறிக்கை எழுதுவாள். எச்சரிக்கை ஏன் வரவில்லை என்று சென்னையில் தோண்டுவார்கள். விதியை எடுக்கச் சொல்வார்கள். மாதம் முடிய இரண்டு நாள்தான் இருந்தது. அவள் வேலைக்காகவும்தான் அப்படிச் சொன்னேன். அது அவளுக்குப் புரியவில்லை. இப்போது என் முகத்தைப் பார்க்கமாட்டேன் என்கிறாள்.

நாற்பதுக்குக் கீழே அந்த வில்லை எண் காட்டாது. "மிகக் குறைவு" என்று மட்டும் எழுதும். அந்தச் சொல் திரையில் வந்த பிறகு மூடிவிட்டுப் படுத்தேன். ஷிஃப்டுக்கு முன்னால் தூங்கினால்தான் எனக்கு வேலை ஓடும்.

இரவு இரண்டரைக்குப் பெரியம்மாவின் போன் கீழே அடித்தது. ஒரு நிமிடம்கூடத் தாமதம் இல்லை. அப்போதுதான் இறங்கிப் போனேன். பூஜை அறை வாசலில் கிடந்தார். உடம்பு சில்லென்று இருந்தது. எச்சரிக்கையை அணைத்தேன். அணைக்காவிட்டால் அது அடித்துக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு அடிக்கும் செலவு.

எதையும் நான் அழிக்கவில்லை. அவருடைய எல்லா அளவுகளும் கிடங்கில் இருக்கின்றன, எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். விதி ஓடிக்கொண்டிருக்கிறது. நாளை அஷ்டமி. பெரியம்மாவின் பெயரை மட்டும் நேற்றே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். தவறு என்று தெரிந்தால் திருத்திக்கொள்கிறவன்தான் நான்.