‘உறுதி’யில் போய் உட்கார்ந்த கடற்போர்

அக்டோபர் 9, வியாழன். கடற்போர் கேட்டவர்கள் பதினேழு பேர் என்று நேற்று எழுதியிருந்தேன். மறுபடி எண்ணினேன், பதினாறுதான். ஒருவர் இரண்டு தடவை கேட்டிருக்கிறார். நாட்குறிப்பை அன்றன்றைய தவறிலிருந்து தொடங்கினால் கை தானாக நேர்மைக்கு வந்துவிடும் என்று மாலை நேர எழுத்து வகுப்பு ஆசிரியை சொல்லியிருக்கிறார். தொடங்கிவிட்டேன். மற்றதையும் எழுதிவிடலாம்.

நான் பார்த்துக்கொள்வது ஒரு கணினி விளையாட்டின் இணைய மன்றத்தை. பழைய காலத்து அரசுகளை ஆளும் விளையாட்டு அது. கோட்டை கட்டலாம், வரி போடலாம், பக்கத்து ராஜாவுக்குப் பெண் கொடுத்துவிட்டு அடுத்த வாரமே அவர் ஊரைக் கொளுத்தலாம். மன்றத்தில் இருபத்து நான்காயிரம் பேர். பகலில் பல் பிடுங்குகிறவர், பேருந்து ஓட்டுகிறவர், மாமியாருக்குப் பயந்தவர். சாயங்காலம் ஆனால் எல்லாரும் சக்கரவர்த்தி. மூன்று கண்டங்களை வென்றவர்களுக்கு ஏழு மாதம் காத்திருக்க மட்டும் முடியவில்லை. விளையாட்டோடு சேர்கிற புதுப் பகுதி ஜனவரியில்தான் வருவதாக இருந்தது.

அதில் என்னென்ன எதிர்பார்க்கிறார்கள் என்று வாராவாரம் பட்டியல் போடுவது என் வேலை. சம்பளம் கிடையாது. மூன்று கட்டங்கள்: கேட்டது, யோசனையில் இருப்பது, உறுதி. கடைசிக் கட்டத்தில் எதைப் போடுவது என்று நிறுவனத்திலிருந்து சொல்லி அனுப்புவார்கள். ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பல் தேய்த்துக்கொண்டே பட்டியலை ஏற்றினேன். ஒரு வரி நகர்ந்து, பதினாறு பேர் கேட்ட கடற்போர் ‘உறுதி’யில் போய் உட்கார்ந்துகொண்டது.

வாய் கொப்பளித்துவிட்டுத் திரும்புவதற்குள் முந்நூறு பேர் நன்றி சொல்லியிருந்தார்கள். “நீ நல்லா இருப்பப்பா. ஒன்பது வருஷமா கப்பலைத் துறைமுகத்துல கட்டிப்போட்டுட்டு உக்காந்திருக்கேன்” என்று பல் மருத்துவர் எழுதியிருந்தார். எனக்கு யாரும் அப்படி எழுதியதில்லை. திருத்த ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் முந்நூறு பேரின் சந்தோஷத்தில் மண்ணைப் போட மனம் வரவில்லை. அன்றைய குறிப்பில் இதை இரக்கம் என்று எழுதியிருக்கிறேன். ஓரத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருக்கிறேன்.

பிறகு ஆதாரம் கேட்டார்கள். கேட்பது நியாயம்தானே. விளையாட்டின் வடிவமைப்பாளரின் லேப்டாப்பில் வேண்டாம் என்று ஒதுக்கிய ஓவியங்கள் கிடந்தன. அதில் ஒரு கப்பலை எடுத்து, ஓரங்களை மங்கலாக்கி, வேறொரு பெயரில் அந்த லேப்டாப்பிலிருந்தே மன்றத்தில் போட்டேன். லேப்டாப் எப்படிக் கிடைத்தது என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் சாப்பாட்டு மேஜையில்தான் இருக்கும். வடிவமைப்பாளர் என் அக்கா. கடவுச்சொல் என் பிறந்த நாள்.

செப்டம்பரில் அக்கா, கடற்போர் கிடையாது, அப்படி ஒரு திட்டமே இருந்ததில்லை என்று மன்றத்தில் எழுதினாள். பட்டியலில் எப்படி வந்தது என்று என்னிடம் கேட்டாள். “உங்க ஆபீஸ்லேருந்து வந்ததைத்தான்க்கா போட்டேன்” என்றேன். நம்பிவிட்டாள். ஆனால் மன்றத்தில் சிலர் என்னைச் சந்தேகப்பட ஆரம்பித்தார்கள். அதனால் அந்த வேறு பெயரில் ஒரே ஒரு வரி எழுதினேன்: கடற்போர் இருந்தது, அதை வெட்டியது ஒரே ஒரு ஆள். யார் என்று சொல்லவில்லை. தனிமனிதரைப் பெயர் சொல்லித் தாக்குவது விதிமீறல். அந்த விதியை எழுதியவனே நான்தான். பெயரை அவர்களே கண்டுபிடித்துக்கொண்டார்கள். அக்காவின் போன் நம்பரை மட்டும் நான் கொடுத்தேன். அதுவும் ஒருவர் மிக மரியாதையாகக் கேட்டதால்.

மூன்று வாரத்தில் நாலாயிரம் செய்திகள். முதலில் வெறும் வசவு. பிறகு எங்கள் வீட்டு வாசலின் படம். அக்கா இப்போது ஜன்னலைத் திறப்பதில்லை. சாப்பிடும்போது போன் அதிர்ந்தால் கரண்டியைக் கீழே போட்டுவிடுகிறாள். எடுத்துக் கழுவிக் கொடுப்பது நான்தான்.

நேற்று மாலை கேட்டாள்: “டேய், அந்த மன்றத்துல உனக்குத் தெரியாத ஆளே இல்ல. யாருடா இதை ஆரம்பிச்சது?”

“தேடிட்டுதான்க்கா இருக்கேன். கண்டுபிடிச்சா என்ன பண்ணலாம்?”

“ஒண்ணும் பண்ண வேணாம். ஏன்னு மட்டும் கேக்கணும். ஒரு பொம்மைக் கப்பலுக்காகவாடா? அதுல இவங்கள ஏத்தி அனுப்பவா முடியும்?” சிரிக்க ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டாள். “பத்து வருஷம்டா. இந்த வேலையைத் தவிர எனக்கு ஒண்ணும் தெரியாது. நீ ஒருத்தன் கூட இல்லேன்னா எப்பவோ உடைஞ்சு போயிருப்பேன்.”

டீ போட்டுக் கொடுத்தேன். அரைக் கரண்டி சர்க்கரை. அவள் அளவு எனக்குத் தெரியும்.

மன்றப் பதிவுகள் என் கையில் என்பதால் நிறுவனமும் என்னைத்தான் கேட்டிருக்கிறது. அந்தக் கப்பல் படம் எங்கிருந்து வெளியே போனது என்று ஓர் அறிக்கை வேண்டுமாம். போட்டவர் யாராக இருந்தாலும் அன்றே வேலை போகுமாம். நான் முறைப்படிதான் செய்திருக்கிறேன். எந்த லேப்டாப், எந்த வீட்டு இணைப்பு, எத்தனை மணி, எல்லாம் உண்மை. ஓர் எண்ணைக்கூட மாற்றவில்லை. அந்த வீட்டில் இருப்பவர்கள் இரண்டு பேர். ஒருவன் அறிக்கை எழுதுகிறான். அப்படியென்றால் மிச்சம் ஒருவர்தான். கடைசி வரியில் அக்காவின் பெயரை எழுதியிருக்கிறேன்.

எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது, அதை மறைக்கவில்லை. ஆனால் நிதானமாக யோசித்துப் பார்த்தேன். வேலை போனால் வசவும் நின்றுவிடும். நன்றாகத் தூங்குவாள், ஜன்னலைத் திறப்பாள். அவளை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது அந்த வேலைதான். கூடப் பிறந்தவன் இதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது? அடுத்த புதுப் பகுதிக்கு யார் பொறுப்பேற்க வேண்டும் என்று இன்று காலை மன்றத்தில் வாக்கெடுப்பு வைத்திருக்கிறார்கள். நான்தான் முதலில் இருக்கிறேன். நான் கேட்கவில்லை. அதில் ஒரு ஓட்டு மட்டும் என்னுடையது.

நாளை, வெள்ளி: காலை ஒன்பதரைக்கு அறிக்கையை அனுப்ப வேண்டும். பத்து மணிக்குள் அக்காவுக்கு போன் வரும்; அப்போது பக்கத்தில் இருக்க வேண்டும்.