மேடை பூட்டப்பட்டதால் சமையற்கட்டில் வாசிக்கும் மரியாதை

சொல்லின் சுவையும் சினத்தின் சூடும் சேர்ந்தமைந்த செந்தமிழ் ஆசிரியையே! ஆந்திர எல்லையூராம் நகரி தந்த நன்மணியே! எங்கள் தேவசேனா அம்மையாரே! வணக்கம்.

விழா மேடையில் முழங்க வேண்டிய மடல் இது. தாளாளர் நாகையா மேடையைப் பூட்டிவிட்டதால், விடுதிச் சமையற்கட்டில் சாம்பார் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று வாசிக்கிறோம். ஏன் இந்தப் பூட்டு என்பதை வந்திருப்போர் அறியட்டும்.

சென்ற ஆண்டு, இங்கே பிள்ளைகளுக்குச் சோறாக்கிய சந்திரம்மா ஓய்வு பெற்றார். ஓய்வு பெறுவோருக்கு மேடையில் சால்வை போர்த்துவது இப்பள்ளி வழக்கம். தாளாளரோ சந்திரம்மாவின் சால்வையை வாசல் கேட்டில் கொடுத்தனுப்பச் சொன்னார். மேடைக்கென்று ஒரு மரியாதை உண்டாம்!

மேடையில் ஆசிரியர் வரிசையில் அமர்ந்திருந்த அம்மையாருக்கு உள்ளங்காலிலிருந்து உச்சிவரை பற்றிக்கொண்டது. மரியாதை என்ற அந்தச் சொல்லின் பிறப்பு வளர்ப்பெல்லாம் அவருக்குத் தெரியும். வடமொழியில் அது எல்லை, கரை. இந்தியில் மீறக்கூடாத ஒழுங்கு. மலையாளத்தில் நன்னடத்தை. தெலுங்கிலும் கன்னடத்திலும் தமிழிலும்தான் அது எதிரே வருபவருக்காக எழுந்து நிற்கும் மனமாயிற்று. அம்மையார் எழுந்தார்.

“எல்லைன்னு பொறந்த வார்த்தை சார் அது. நாமதான் அதைக் கும்பிடற வார்த்தையா வச்சிக்கினு இருக்கோம். நீங்க மறுபடி வேலி ஆக்காதீங்க.”

சொன்னவர் தம் நாற்காலியைத் தாமே தூக்கிக்கொண்டு இறங்கிப்போய், கேட்டருகே சந்திரம்மாவின் பக்கத்தில் போட்டு அமர்ந்தார். தாளாளர் அதை மறக்கவில்லை. இன்று அம்மையார் விடைபெறும் நாளில் மேடை பழுதாம். நேற்று அதே மேடையில்தான் தாளாளருடைய பிறந்தநாள் கேக் வெட்டப்பட்டது. பழுது எங்கே இருக்கிறதென்று எங்களுக்குத் தெரியாதா?

இன்று காலை, விழாவெல்லாம் வேண்டாம், ஆளுக்கொரு டீ குடித்துவிட்டுக் கிளம்புவோம் என்றார் அம்மையார். நாங்களும் சோர்ந்திருந்தோம். அப்போது பங்காருபாளையம் பஸ்ஸிலிருந்து சந்திரம்மா இறங்கி வந்தார். பையில் அந்தச் சால்வை, மடிப்புக் கலையாமல்.

“கேட்டுல குடுத்தத போத்திக்க மனசு வரல டீச்சர். உங்களுக்குன்னு வச்சிக்கினு இருந்தேன்.”

பெருந்தகையீர்! நோய் நொடியின்றி, நாவின் காரம் நாளும் குறையாமல் நெடுங்காலம் வாழ்க! இங்கே மேடை இல்லை, மாலை இல்லை. நாங்கள் எல்லோரும் எழுந்து நிற்கிறோம். சற்றே குனியுங்கள் அம்மையாரே, சந்திரம்மா உயரம் குறைந்தவர்.

என்றும் தங்கள்,
தமிழ், தெலுங்குப் பிரிவு ஆசிரியர்களும்
சமையற்கட்டுப் பணியாளர்களும்