அண்ணன் தொட்ட எழுத்துகள்

காலைக் கோப்பி ஆறுவதற்குள் பத்திரிகையில் வரும் எழுத்துப் புதிரை முடித்துவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். ஒரு சக்கரத்துக்குள் சில ஆங்கில எழுத்துகள் இருக்கும். அவற்றை வைத்து எத்தனை சொற்கள் கண்டுபிடிக்கிறோம் என்பதுதான் ஆட்டம். என் அண்ணன் பெர்னார்ட் பினாங்குத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஆங்கிலம் கோயிலுக்குப் போட்டுப்போகும் சட்டை மாதிரி, கசங்கக் கூடாது. நான் ஒரு சொல் சொன்னால் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார்.

"அது வார்த்தையே இல்ல லா, ஆலிஸ். போயி ரொட்டிய பாரு, கருகுது."

ரொட்டி கருகியிருக்காது. எனக்கும் ரோஷம் உண்டு. பாத்திரம் கழுவும்போதெல்லாம் மனதுக்குள் எழுத்துகளை மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டே இருப்பேன். சில வருடங்களில் அவரைவிடக் கெட்டிக்காரி ஆகிவிட்டேன். அதை அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

அண்ணி இறந்தபோது அவர்கள் மகள் கிறிஸ்டல் கைக்குழந்தை. அவளை வளர்க்க வந்தவள் அப்படியே தங்கிவிட்டேன். என் கல்யாணத்தைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. கிறிஸ்டல் படித்து, வேலை கிடைத்துக் கோலாலம்பூர் போனாள். அதன்பிறகு வீட்டில் அண்ணனும் நானும் மட்டும்தான்.

போன வருடம் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சும் வலது கையும் போய்விட்டன. ஆம் என்றாலும் இல்லை என்றாலும் தலை ஒரே மாதிரிதான் ஆடியது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த ஹுஸ்னா என்ற பெண், ஆங்கில எழுத்துகள் அச்சடித்த பலகை ஒன்றை அவர் மடியில் வைத்தாள். இடது கை விரலால் அண்ணன் தொடுவார். எழுத்து சரியாக இருக்கும், வரிசை இருக்காது, ஒன்றிரண்டு விட்டும் போகும்.

"இந்த எழுத்தெல்லாம் எந்த வார்த்தையில இருக்குன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும், ஆன்ட்டி," என்றாள் ஹுஸ்னா.

முதல் நாள் டி, ஓ, என், டபிள்யூ என்று தொட்டார். லீவு போட்டு வந்திருந்த கிறிஸ்டல், 'டவுன்' என்று நினைத்துக் கட்டிலைத் தாழ்த்தினாள். அண்ணன் உறுமினார். நான் 'விண்டோ' என்றேன். ஜன்னலைத் திறந்ததும் அவர் என்னைப் பார்த்து அழுதார். அதுவரை யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அவர் அப்படிக் கிடக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. அன்றிலிருந்து அண்ணன் பேசியதெல்லாம் என் வாயால்தான்.

கிறிஸ்டல் ஊருக்குத் திரும்பிய பிறகு ஒருநாள் வீடியோவில் கூப்பிட்டாள். கோலாலம்பூரில் நல்ல பயிற்சி நிலையம் பார்த்திருந்தாள்.

"அப்பா, என்கூட வந்துருங்கப்பா. அத்தை, நீங்களும் அப்பப்ப வந்து பாத்துட்டுப் போகலாம்."

அப்பப்ப வந்து போகலாம். அவளைத் தூக்கி வளர்த்த எனக்கு அவள் சொன்னது அது. அண்ணன் ஜி, ஓ என்ற இரண்டு எழுத்தைத் தொட்டார். மறுபடியும் அதையே தொட்டார். போகிறேன் என்கிறார், அதைக் கண்டுபிடிக்கப் புதிர் ஆடியிருக்க வேண்டியதில்லை. ஆனால் கைப்பேசியில் அவளுக்கு முகம் மட்டும்தான் தெரிந்தது.

"ஹோம்னு சொல்றாருமா. வீட்டுலேயே இருக்கணுமாம்," என்றேன்.

அவள் அழுதுவிட்டு, சரி என்றாள். அண்ணனும் அழுதார். பக்கவாதம் வந்தவர்கள் காரணமில்லாமல் அழுவார்கள் என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். நான் முகத்தைத் துடைத்துவிட்டேன். ஹுஸ்னாவையும் நிறுத்தினேன். புத்திசாலிப் பெண். இன்னும் கொஞ்ச நாள் வந்திருந்தால் அவளே அண்ணனைப் படிக்கக் கற்றிருப்பாள்.

பிறகு அவருக்கு வயிற்றில் வலி வந்தது. எப்படித் தெரியும் என்றால், அவர் சொன்னார். என், ஏ, பி, ஐ. திரும்பத் திரும்ப அதே நான்கு எழுத்து. பெயின் என்கிறார். ரத்த அழுத்தம் பார்க்க வீட்டுக்கு வந்த டாக்டர் ராமதாஸ், கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டே, "என்ன கேக்குறாரு, ஆன்ட்டி?" என்றார்.

"பைனாப்பிள் கேக்குறாரு, டாக்டர்."

டாக்டர் சிரித்துவிட்டு, கொஞ்சமாக மசித்துக் கொடுக்கச் சொன்னார். நான் எழுத்தில் பொய் சொல்லவில்லை. அந்த நான்கும் பைனாப்பிளில் இருக்கின்றன, வேண்டுமானால் எழுதிப் பாருங்கள். வலி என்று சொன்னால் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி என்றால் கிறிஸ்டல் பட்டர்வொர்த்தில் ரயில் இறங்கி, ஃபெரிப் படகு பிடித்து வந்து நிற்பாள். இந்தத் தடவை அவர் இல்லாமல் திரும்ப மாட்டாள். அன்று சாயங்காலமே அன்னாசி வாங்கி வந்து, மசித்து, கரண்டியால் ஊட்டினேன். என்னைப் பார்த்தபடியே விழுங்கினார்.

அதன்பிறகும் பல நாள் அதே எழுத்துகளைத் தொட்டார். கடைசியில் வயிற்றுக்குள் புண் உடைந்து, ஆம்புலன்ஸ் வருவதற்குள் உயிர் போய்விட்டது.

அடக்கத்தன்று கிறிஸ்டல் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நீங்க இல்லன்னா அப்பா ஒரு வார்த்த பேசாமலே போயிருப்பாரு, அத்தை." கோயிலில் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். அவர் இல்லாத வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. பத்திரிகையை நிறுத்திவிட்டேன். என்னிடம் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அதனால் நானாகவே சொல்கிறேன். மகளிடம் போகிறேன் என்றார், வலிக்கிறது என்றார். இரண்டையும் சரியாகப் படித்தேன், இரண்டையும் மாற்றிச் சொன்னேன். அண்ணன் செத்தது அதனால்தான்.

ஆனால் பார்த்துக்கொண்டதில் குறை வைத்தேன் என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். கடைசி நாட்களில் பலகையை மடியில் வைத்தாலும் அண்ணன் விரலை நீட்டவில்லை, கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். கேட்பதற்கு எதுவுமே மிச்சமில்லாத அளவுக்கு நான் அவரைப் பார்த்துக்கொண்டேன்.